அடையாளத்துக்கு மதிப்பெண் போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

இனம், பண்பாடு சார்ந்த அடையாளத்தை உளவியலார் கேள்வித்தாள் கொண்டு அளக்கிறார்கள் என்று சென்ற இதழில் இப்பகுதியில் குறிப்பிட்டிருந்தேன். அதைத் தொடர்ந்து நெல்லை, தென்காசி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இம்முறை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் எம்.எட். படிக்கிறேன். மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் பண்பாட்டு அடையாளத்தை ஃபின்னி என்பவரின் அளவுகோலைக் கொண்டு அளந்து ஆய்வேடு எழுதும்படி என் வழிகாட்டி கூறியிருக்கிறார். ஒருவர் யார் என்பதைப் பன்னிரண்டு வாக்கியங்களால் அளந்துவிட முடியுமா?
– மாணவி, பாளையங்கோட்டை

பதில்: ஒருவர் யார் என்பதை எந்த அளவுகோலாலும் அளக்க முடியாது. தாம் சேர்ந்ததாகக் கருதும் ஒரு கூட்டத்தோடு அவர் எவ்வளவு ஒட்டியிருக்கிறார், அதைப் பற்றி எவ்வளவு தேடி அறிந்திருக்கிறார் என்பவற்றை ஓரளவு அளக்கலாம். இந்த எல்லையை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மறவாமல் இருந்தால் உங்கள் உழைப்பு வீண்போகாது.

அளவுகோல் பிறந்த கதையை அறிந்துகொண்டால் அதன் எல்லையும் விளங்கும். வளரிளம் பருவத்தில் 'நான் யார்' என்ற கேள்வியே தலையாய கேள்வி என்றார் உளவியலார் எரிக் எரிக்சன். ஜேம்ஸ் மார்சியா 1966இல் அதை நான்கு நிலைகளாகப் பகுத்தார். தேடவுமில்லை, எதையும் பற்றவுமில்லை என்பது ஒரு நிலை. தேடாமலே வீட்டார் சொன்னதைப் பற்றிக்கொண்டிருப்பது இன்னொரு நிலை. தேடிக்கொண்டே இருப்பது மூன்றாவது. தேடித் தெளிந்து ஒன்றில் நிலைகொள்வது நான்காவது. லாஸ் ஏஞ்சலீஸில் பேராசிரியராக இருந்த ஜீன் ஃபின்னி இந்தச் சிந்தனையை இன, பண்பாட்டு அடையாளத்துக்குப் பொருத்தி, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரும் ஒரே தாளில் விடையளிக்கும்படி 1992இல் தம் அளவுகோலை வெளியிட்டார். அதில் அடையாளம் பற்றிய கூற்றுகள் 14 இருந்தன. 1999இல் அவை 12 ஆயின. 2007இல் வந்த திருத்தப் பதிப்பில் ஆறுதான். உங்கள் வழிகாட்டி சொல்வது 1999ஆம் ஆண்டின் வடிவமாக இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 4 வரை எண் கொடுத்து, அனைத்தையும் கூட்டிச் சராசரி காண்பார்கள்.

அந்தச் சராசரியிடம்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 12 கூற்றுகளில் ஐந்து தேடலைப் பற்றியவை, ஏழு பற்றைப் பற்றியவை. ஒரு மாணவன் தேடலில் 1.6, பற்றில் 4 பெறுகிறான் என்றும், ஒரு மாணவி இரண்டிலும் 3 பெறுகிறாள் என்றும் கொள்ளுங்கள். இருவருக்கும் மொத்தச் சராசரி 3 என்றே வரும். ஆனால் முன்னவன் எதையும் கேட்டறியாமல் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பவன். பின்னவள் கொஞ்சம் படித்தும் கொஞ்சம் விசாரித்தும் நிதானமாகத் தன் இடத்தை உணர்ந்தவள். நம் ஊர்ப் பள்ளிகளை அறிந்த எவருக்கும் இவ்விருவரும் ஒன்றல்லர் என்பது தெரியும். ஆகவே இரண்டு மதிப்பெண்களையும் தனித்தனியே அட்டவணையில் காட்டுங்கள். மொத்தத்தை மட்டும் காட்டி 'உயர் அடையாளம், தாழ் அடையாளம்' என்று பிரித்துவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துபோகும்.

இன்னொன்று, கூற்றுகளுக்கு முன்னால் உள்ள கோடிட்ட இடம். 'நான் என்னை இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவராகக் கருதுகிறேன்' என்று மாணவரே நிரப்ப வேண்டிய இடம் அது. அமெரிக்காவில் மெக்சிகோ வழியினர் என்றோ சீன வழியினர் என்றோ எழுதுவார்கள். பாளையங்கோட்டை வகுப்பறையில் ஒருவர் தமிழர் என்று எழுதுவார். பக்கத்தில் இருப்பவர் கிறிஸ்தவர் என்பார். மூன்றாமவர் சாதிப் பெயரை எழுதுவார். நான்காமவர் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பார். பிறகு அவர்கள் இடும் எண்கள் நான்கு வெவ்வேறு பொருள்களைப் பற்றிய எண்கள். அவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பது தவறு. எந்த அடையாளத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை நீங்களே முன்கூட்டி முடிவு செய்து தாளில் அச்சிட வேண்டும், அல்லது எழுதப்பட்ட விடைகளை வகை பிரித்துத் தனித்தனியே ஆராய வேண்டும்.

என்னைக் கேட்டால், அளவுகோலைக் கொடுப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுங்கள் என்பேன். 'நான் யார்?' என்ற கேள்விக்கு இருபது விடைகளை எழுதச் சொல்லும் முறையை கூன், மெக்பார்ட்லண்ட் என்னும் இரு சமூகவியலார் 1954இல் வெளியிட்டார்கள். மகன், கபடி ஆட்டக்காரன், கணக்கு வராதவன் என்று மாணவர்கள் தாமாக எழுதும் வரிசையில் இனமோ மொழியோ எத்தனையாவதாக வருகிறது, அல்லது வரவே இல்லையா என்பதைப் பாருங்கள். தம்மைச் சுற்றி எல்லாரிடமும் உள்ள ஒன்றை மக்கள் அவ்வளவாக எழுதுவதில்லை. தம்மைப் பிறரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவதையே அதிகம் எழுதுகிறார்கள். நெல்லையில் தமிழர் என்று எழுதத் தோன்றாத பையன் புனேயில் விடுதி அறையில் அதையே முதல் வரியாக எழுதக்கூடும். இந்த வெள்ளைத்தாள் கையில் இருந்தால்தான் பின்னால் வரும் எண்களுக்குப் பொருள் சொல்ல முடியும்.

கேள்வி: இத்தகைய அளவுகோல்களில் பல அமெரிக்கக் கறுப்பின மக்களைக் குறித்தே தோன்றின என்று படித்தேன். காரணம் என்ன?
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: அவர்களுடைய மனத்தைப் பற்றிப் பிறர் முன்பே பல முடிவுகளைச் சொல்லிவிட்டார்கள் என்பதே காரணம். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியல் தம்பதியர், நிறம் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருந்த பொம்மைகளை மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன் வைத்து, எது நல்ல பொம்மை, எது உன்னைப்போல் இருக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றார்கள். நிறத்தால் பிரித்த பள்ளிகளைச் சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பின் அடிக்குறிப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வு இடம்பெற்றது. அந்தத் தீர்ப்பை நான் போற்றுகிறேன். ஆனால் அந்த ஆய்விலிருந்து 'கறுப்பினத்தார் தம்மையே வெறுப்பவர்கள்' என்ற பொதுக்கருத்து ஒன்றும் கிளம்பிவிட்டது.

அதை எதிர்த்து உள்ளிருந்தே எழுந்த குரல்களுள் கறுப்பின உளவியலார் வில்லியம் கிராஸ் முக்கியமானவர். கறுப்பினத்தவர் ஒருவர் தம் அடையாளத்தை எந்தெந்தப் படிகளைக் கடந்து உணர்கிறார் என்பதை அவர் 1971இல் எழுதினார். ஒருவர் தம்மைத் தனிமனிதராக மதிப்பதும் தம் கூட்டத்தை மதிப்பதும் வெவ்வேறு என்று பின்னர் விளக்கினார். கூட்டத்தின்மேல் பற்றில்லாதவர் தம்மேல் மதிப்புள்ளவராக இருக்கலாம், எதிர்மாறாகவும் இருக்கலாம். அவர் பெயரால் பின்னாளில் உருவான அளவுகோலில் 40 கூற்றுகள் உள்ளன. அதற்கு மொத்த மதிப்பெண் கிடையாது, ஆறு தனி மதிப்பெண்கள் மட்டுமே உண்டு. 1997இல் வெளிவந்த ராபர்ட் செல்லர்ஸ் குழுவினரின் அளவுகோலும் இதே வழியில் செல்கிறது. இந்த அடையாளம் எனக்கு எவ்வளவு முக்கியம், என் கூட்டத்தை நான் எவ்வளவு மதிக்கிறேன், பிறர் எவ்வளவு மதிப்பதாக நினைக்கிறேன், என் கூட்டம் எப்படி வாழ வேண்டும் என்று கருதுகிறேன் ஆகியவற்றைத் தனித்தனியே கேட்கிறது. கீழே ராதாபுரம் ஆசிரியருக்கு எழுதும் பதிலில் இந்தப் பிரிப்பு எவ்வளவு தேவை என்பது தெரியும்.

கேள்வி: வெள்ளைக்காரர் காலத்தில் மூக்கை அளந்தார்கள். இப்போது மனத்தை அளக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?
– ஓய்வு பெற்ற தபால்காரர், திசையன்விளை

பதில்: தங்கள் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு சாதிகளின் மேல் கீழ் வரிசையை விளக்க முயன்றார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டில் அளவுக் கருவிகளோடு சுற்றி, ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், தமிழுக்கும் இம்மண்ணுக்கும் செய்த பணி பெரிது. ஆயினும் இவ்வட்டாரத்துச் சமுதாயம் ஒன்றைப் பற்றி அவர் 1849இல் வெளியிட்ட சிறுநூல் அச்சமுதாயத்தாரைப் பிற்காலத்தில் எவ்வளவு புண்படுத்தியது என்பதைத் தாங்களே நன்கு அறிவீர்கள்.

அவர்கள் எல்லாரும் வெளியே நின்று இன்னார் இப்படிப்பட்டவர் என்று எழுதினார்கள். அளக்கப்பட்டவரிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. இன்றைய கேள்வித்தாளில் பேசுபவர் விடையளிப்பவரே. விருப்பமில்லை என்றால் பதில் எழுதாமல் விடவும், தாளைத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இது பெரிய வேறுபாடு. ஆயினும் அந்த உரிமையை எடுத்துச் சொல்லாமல் வகுப்பறைக் கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு தாளை விநியோகித்தாலோ, கிடைத்த சராசரியை எடுத்துக்கொண்டு 'இச்சமூகத்தார் இயல்பிலேயே இப்படி' என்று எழுதினாலோ, கருவி மாறியதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை என்ற தங்கள் குற்றச்சாட்டை மறுக்க என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: அரசுப் பள்ளியில் பணியாற்றுகிறேன். நாங்குநேரி நிகழ்ச்சிக்குப் பிறகு எங்களுக்கு மனம் ஆறவில்லை. சாதி வெறி உள்ள மாணவர்களை முன்கூட்டியே கண்டறிய ஒரு கேள்வித்தாள் தயாரித்துத் தர முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர், ராதாபுரம் வட்டாரம்

பதில்: தங்கள் மன வேதனையை உணர்கிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதைக் கேள்விப்பட்ட எந்த ஆசிரியரும் 'நமக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாதா' என்று நினைக்காமல் இருக்க முடியாது. ஆயினும் தாங்கள் கேட்கும் கேள்வித்தாளை நான் தயாரித்துத் தர மாட்டேன். வேறு யார் தயாரித்துத் தந்தாலும் தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில், பற்றும் பகையும் ஒன்றல்ல. தன் மக்களின் வரலாற்றைப் பெருமையோடு பேசும் பிள்ளை அடுத்தவரை வெறுக்கிறான் என்று பொருளில்லை. செல்லர்ஸ் குழுவினர் முக்கியத்துவத்தையும் மதிப்பையும் கருத்தையும் வேறு வேறாக அளந்ததே இதற்காகத்தான். காலங்காலமாக ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்குத் தன் அடையாளத்தின்மேல் உள்ள பற்று, நிமிர்ந்து நடப்பதற்கான துணையாகவும் இருக்கும். அவனையும், கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு அடுத்தவனை மிரட்டுபவனையும் ஒரே மதிப்பெண் பட்டியலில் மேல்வரிசையில் நிறுத்தும் தாள் ஆபத்தானது.

பகையை நேரடியாகவே கேட்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். எமரி போகார்டஸ் 1925இல் அப்படி ஓர் அளவுகோல் செய்தார். இன்ன கூட்டத்தவரைத் திருமண உறவாக ஏற்பீர்களா, ஒரே தெருவில் குடியிருக்க ஏற்பீர்களா, நாட்டுக்குள்ளேயே விட மாட்டீர்களா என்று ஏழு படிகளில் கேட்டது அது. பெரியவர்களிடம், பெயரில்லாமல், ஆயிரக்கணக்கில் கேட்டால் ஒரு சமூகத்தின் நிலை ஓரளவு தெரியவரும். பத்தாம் வகுப்பு மாணவனிடம் அவனுடைய வகுப்பாசிரியரே கேட்டால் என்ன வரும்? சம்பந்தி வீட்டில் பரிமாறிவிட்டுச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் வரும் பதில்தான் வரும். விடையளிப்பவர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளும் இந்தப் போக்கைக் கண்டறியவே கிரவுன், மார்லோ என்னும் இருவர் 1960இல் 33 கூற்றுகள் கொண்ட தனி அளவுகோல் ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. எண்ணத்தை மறைக்கத் தெரிந்த மாணவன் தேறிவிடுவான். உள்ளதைச் சொன்னவன் மாட்டிக்கொள்வான்.

மூன்றாவது காரணம்தான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. கேட்பதே ஒரு செயல். சாதியைப் பற்றி அதுவரை பெரிதாக நினைத்திராத ஒரு சிறுமி, பள்ளியே தன்னிடம் அதைக் கேட்கிறது என்பதிலிருந்து அது முக்கியமானது என்று கற்றுக்கொள்வாள். தாள்களை அடுக்கி அலமாரியில் வைத்தால் யார் எதை எழுதினார்கள் என்பது மதிய உணவு இடைவேளைக்குள் வெளியே வந்துவிடும். ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கை, வண்ணக் கயிறு, நெற்றி அடையாளம் போன்றவற்றைப் பள்ளியில் தடுக்கச் சொன்னதோடு, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. பதிவேட்டிலிருந்து எடுக்கச் சொன்னதை உளவியலின் பெயரால் நாமே திரும்பக் கொண்டுவரலாமா?

தனியொரு மாணவன் நாளை என்ன செய்வான் என்பதை இவ்வகை மதிப்பெண்ணைக் கொண்டு கணிக்கவும் முடியாது. நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் தெரியும் தொடர்பு, ஒருவன்மேல் முத்திரை குத்தப் போதாது. தவறாக முத்திரை பெற்றவன் அந்தப் பெயரோடே அடுத்த பள்ளிக்கும் போவான்.

தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாணவர்களை அளக்காமல் பள்ளியை அளக்கலாம். 'இப்பள்ளியில் எனக்குப் பாதுகாப்பாக இருக்கிறது', 'என்னை யாரேனும் இழிவாகப் பேசினால் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார்', 'ஆசிரியர்கள் எல்லாரையும் ஒன்றுபோல் நடத்துகிறார்கள்' என்பன போன்ற எட்டுப் பத்துக் கூற்றுகள் போதும். பெயர், சாதி, வகுப்புப் பிரிவு எதுவும் வேண்டாம். கையெழுத்து தெரியாதபடி வட்டமிட்டால் போதும். வேறு பள்ளியைச் சேர்ந்த ஒருவர் வந்து தாள்களை வாங்கி எண்ணட்டும். பெற்றோர் இசைவும் பிள்ளைகளின் சம்மதமும் முன்னதாகப் பெறப்பட வேண்டும். முடிவுகளை ஆசிரியர் கூட்டத்தில் மூடிமறைக்காமல் வாசிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மீண்டும் கேட்டுப் பார்த்தால், பிள்ளைகள் தங்களை நம்பத் தொடங்கியிருக்கிறார்களா என்பது தெரியும். வன்முறைக்கான குறிகள் கண்ணில் பட்டால், மிரட்டலோ ஆயுதமோ வெளியார் வந்து கூடுவதோ எதுவாயினும், அதற்குக் கேள்வித்தாள் தேவையில்லை. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நடவடிக்கை எடுக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி: ஆங்கில அளவுகோல் ஒன்றைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தேன். நம்பகத்தன்மை 0.70க்கு மேல் வந்துவிட்டது. போதும்தானே?
– ஆய்வு மாணவர், அபிஷேகப்பட்டி

பதில்: போதாது. லீ குரோன்பாக் 1951இல் விளக்கிய அந்த எண், கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சொல்லும். நீங்கள் அளக்க விரும்பியதைத்தான் அளந்தீர்களா என்பதைச் சொல்லாது. எல்லாக் கூற்றுக்கும் 'ஆம்' என்று வட்டமிட்டுக்கொண்டே போகும் பிள்ளைகளிடமும் அந்த எண் உயரும். தமிழாக்கத்தை மூலத்தைப் பாராத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திரும்பப் பெயர்க்கச் செய்து, மூலத்தோடு ஒப்பிடும் முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் வகுத்துக் கொடுத்தார், அதைச் செய்யுங்கள். அதோடு நிறுத்தாமல் சிலரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு கூற்றையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். 'என் கூட்டத்தின் நிகழ்ச்சிகளில் பங்கெடுக்கிறேன்' என்ற கூற்றைப் பாளையங்கோட்டை ஆங்கிலவழி மாணவர் கலை விழா என்றும், கிராமத்து மாணவர் கோவில் கொடை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படியானால் இரு பள்ளிகளின் சராசரிகளை ஒப்பிடுவதற்கு முன், அளவுகோல் இரு இடத்திலும் ஒன்றுபோலவே வேலை செய்கிறதா என்பதைக் காரணிப் பகுப்பாய்வால், அதாவது எந்தெந்தக் கூற்றுகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று காட்டும் புள்ளியியல் முறையால், சோதித்தாக வேண்டும்.

கேள்வி: வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுகிறோம், வெளியில் தமிழ்தான், எழுதுவதும் படிப்பதும் தமிழ்தான். கல்லூரியில் என் மகனிடம் கொடுத்த படிவத்தில் 'உங்கள் பண்பாடு' என்ற இடத்தில் ஒன்றை மட்டும் குறிக்கச் சொன்னார்களாம். அவன் குழம்பிப்போய் வந்தான். எதைக் குறிப்பது?
– நெசவாளர், வீரவநல்லூர்

பதில்: குழப்பம் தங்கள் மகனிடம் இல்லை, அண்ணாச்சி, படிவத்தில் இருக்கிறது. இது பழைய பிழை. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்றவர்களுக்காக 1980இல் வந்த ஓர் அளவுகோல், ஒரு முனையில் மெக்சிகோவையும் மறு முனையில் அமெரிக்காவையும் வைத்து, மனிதர்களை இடையில் ஏதோவோர் இடத்தில் நிறுத்தியது. ஒன்றில் கூடினால் மற்றதில் குறைய வேண்டும் என்பது அதன் கணக்கு. வாழ்க்கை அப்படி இல்லை என்று கண்டபின், 1995இல் வந்த மறுபதிப்பில் இரண்டையும் தனித்தனியாக அளந்தார்கள். கனடாவைச் சேர்ந்த ஜான் பெர்ரியும், தன் பண்பாட்டைக் காத்துக்கொள்வது ஒரு கேள்வி, சுற்றியுள்ள சமூகத்தோடு கலப்பது இன்னொரு கேள்வி என்று பிரித்துக் காட்டினார். இரண்டுக்கும் 'ஆம்' என்று சொல்பவர்களை அவர் இணைந்து வாழ்பவர்கள் என்றார். தறியில் அமர்ந்து சௌராஷ்டிரத்தில் பேசி, கடைத்தெருவில் நெல்லைத் தமிழில் விலை கேட்கும் தங்கள் குடும்பம் அந்த வகை.

மகனிடம் இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். கணினிப் படிவமாக இருந்து இரண்டாவதை ஏற்க மறுத்தால், படிவம் தயாரித்தவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: வீட்டுமொழி எது, எழுதும் மொழி எது, எதை எவ்வளவு தன்னுடையதாகக் கருதுகிறீர்கள் என்று மூன்று தனிக் கேள்விகளாக மாற்றித் தர வேண்டும் என்று. ஆய்வு செய்பவர் நேர்மையானவராக இருந்தால் அந்தக் கடிதத்துக்கு நன்றி சொல்வார்; தாளையும் திருத்துவார்.